தூத்துக்குடியில் பால்டிமோர் கட்சியும் நியூயார்க் கட்சியும்

சங்கு குளிப்பதை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். முத்துக்குளித் துறையைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்து, அதையே வகுப்பில் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கே சலிப்பு வந்துவிட்டது. இந்த 1974-இல் காந்தி ஜெயந்தி புதன்கிழமை வந்தது. செவ்வாய்க்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

காலை ஆறேகால் பஸ். கட்டணம் ஆறு ரூபாய் ஐம்பது காசு. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நூற்று நாற்பது கிலோமீட்டர் தூரத்தை நாலரை மணி நேரத்தில் கடந்தது. இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள்; வெயில் முழுவதும் அந்தப் பக்கம்தான். ஊர் நெருங்கும்போது இரண்டு பக்கமும் உப்பளங்கள் வந்துவிடும், கண் கூசும். பஸ் நிலையத்துக்கு அருகிலேயே ஒரு விடுதியில் எட்டு ரூபாய்க்கு அறை கிடைத்தது. தனியாக வரும் பெண்ணுக்கு அறை தர இரண்டு இடங்களில் யோசித்தார்கள். மூன்றாவது இடத்தில் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிய பிறகு யோசிக்கவில்லை.

திரேஸ்புரம் கடற்கரையில் சவரிமுத்து என்பவரைப் பார்ப்பது என் திட்டம். சங்கு குளிப்பவர். அவருடைய மகள் ஜெசிந்தா, இங்குள்ள பெண்கள் கல்லூரியில் வேதியியல் முதல் வருடம் படிக்கிறாள். அங்கே ஆசிரியையாக இருக்கும் என் தோழி சொல்லி அனுப்பியிருந்தாள்.

மாலை நாலரை மணிக்கு ரிக்‌ஷா பிடித்தேன். ஒன்றரை ரூபாய் பேசினோம்.

"திரேஸ்புரத்துல என்ன பாக்கப் போறிய?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"சங்கு குளிக்கிறதை."

"அது இப்பம் எங்க இருக்கு? கடல் தெளிஞ்சு அடுத்த மாசம்தான இறங்குவாக. இன்னைக்கு அங்கன போனா சண்டையத்தான் பாக்கலாம்."

புத்தகத்தில் பருவம் தவறாக அச்சாகியிருந்தது. அதையும் இத்தனை வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சரி, வந்ததற்கு ஆட்களிடமாவது பேசலாம் என்று போனேன்.

சண்டை ஒரு டீக்கடையில் நடந்துகொண்டிருந்தது. வடக்குப் பக்க பெஞ்சில் ஏழெட்டுப் பேர், தெற்குப் பக்க பெஞ்சில் ஏழெட்டுப் பேர். அரசியல் என்றுதான் நினைத்தேன்.

"அவன் மூணாம் மூலையில நிப்பான் மாப்ள. அடிச்சவன் மட்டையக் கீழ போடுததுக்குள்ள பந்து இவன் கையில இருக்கும். விழுந்து கெடந்துகிட்டே எறிவான். அவன மாதிரி பிடிக்கதுக்கு ஒருத்தன் பிறக்கல" என்றார் வடக்கு பெஞ்சில் கனத்த உடம்புக்காரர் ஒருவர்.

தெற்கு பெஞ்சில் இருந்த ஒல்லியான மனிதர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினார். "கிட்ட நிக்கவன் பிடிக்கது பெரிசா மச்சான்? நான் நியூயார்க்குல கண்ணால கண்டேன். பந்து தலைக்கு மேல போவுது. நடுவுல நிக்கவன் ஆட்டத்துக்கு முதுகக் காட்டி ஓடுதான். திரும்பியே பாக்கல. கடைசில கைய நீட்டுனான், பந்து வந்து உக்காருது."

"திரும்பிப் பாக்காம எப்பிடித் தெரியும்? முதுகுல கண்ணு வச்சிருந்தானாக்கும்."

"ஒனக்கு மூஞ்சிலயே இல்லயே, என்ன செய்ய."

இரண்டு பெஞ்சும் சிரித்தது. "ஏலே, பால்டிமோர்காரன் டீக்காசயும் நியூயார்க்காரன் டீக்காசயும் சேத்து எவனாவது குடுங்கலே" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்த பிறகுதான் விளங்கியது. நம் ஊர்க்காரர்கள், கைலி கட்டிக்கொண்டு, நான்கு மூலைகளைச் சுற்றி ஓடும் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் பந்து பிடிப்பதில் மன்னன் யார் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட்டா என்று கேட்டதற்கு, அதெல்லாம் நின்னு நின்னு ஆடுத ஆட்டம் டீச்சர் என்று ஒருவர் என்மேல் இரக்கப்பட்டார்.

ஒல்லியானவர்தான் சவரிமுத்து. கனத்தவர் அவர் மனைவியின் அண்ணன் மிக்கேல். இருவரும் இளம் வயதில் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள். சவரிமுத்துவின் கப்பல் பழுது பார்ப்பதற்காக நியூயார்க்கில் நின்றது. மிக்கேலின் கப்பல் பால்டிமோரில். பொழுது போகாமல் ஆட்டம் பார்க்கப் போனார்கள். ஊர் திரும்பியும் விடவில்லை. தெருவையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்கப் படையினருக்காக ஒலிபரப்பும் சிற்றலை வானொலியை இந்தக் கடையில் விடியற்காலையில் பிடிக்கிறார்கள். நமக்கு விடியும்போது அங்கே இரவு ஆட்டம். வேகமான ஆங்கிலம் இவர்களுக்குப் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வது ஜெசிந்தாவின் வேலை.

வாசகர்களுக்காக ஆட்டத்தின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு என்று இரண்டு. ஆறு மாதம் ஆடி, பிரிவுக்கு ஒரு அணி முதலில் வரும். பிறகு அந்த இரண்டும் மோதும். ஐந்து ஆட்டத்தில் மூன்றை முதலில் வெல்பவர்களுக்குக் கொடி. உண்மையாகவே ஒரு கொடி. கிழக்கில் பால்டிமோரும் நியூயார்க்கும் கடைசி வாரம்வரை நெருக்கி ஓடிக்கொண்டிருந்தன. பால்டிமோர் ஓர் ஆட்டம் முன்னால்.

"கொடி யாருக்குங்கறதுல டீச்சருக்கு என்ன அபிப்பிராயம்?" என்றார் மிக்கேல்.

எனக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்றேன்.

"எங்களுக்கும் வெளையாட்டு இல்ல டீச்சர். பால்டிமோர் கொடி எடுத்தா சனவரில எம் மவன் சேவியருக்கும் இந்தப் புள்ளைக்கும் கல்யாணம். பந்தயம்."

ஜெசிந்தா அப்போதுதான் அம்மா கொடுத்தனுப்பிய பலகாரத் தூக்குடன் வந்து நின்றிருந்தாள். பதினெட்டு வயதிருக்கும். அவள் முகம் மாறவில்லை.

"கல்யாணம் ஆனால் படிப்பு?" என்றேன்.

"கட்டிக் குடுத்த பொறவு எதுக்குப் படிப்பு?" என்றார் மிக்கேல், அன்பாகவே.

சவரிமுத்துவைப் பார்த்தேன். அவர் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை, அதுவும் சொந்த மகளின் வாழ்க்கையை, உலகத்தின் மறுகோடியில் பதினெட்டு பேர் பந்தடிப்பதில் கட்டியிருக்கிற மனிதர். அவரிடம் சங்கைப் பற்றிக் கேட்க வைத்திருந்த கேள்விகளைக் கேட்காமலேயே அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் மதியம்தான் பஸ். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே காலை ஆறு மணிக்கு அந்தக் கடையில் இருந்தேன். தெருவே கூடியிருந்தது. வானொலி இரைச்சலில் பாதி வார்த்தை முங்கிப் போனது. ஜெசிந்தா காதை அதன்மேல் வைத்திருந்தாள். பால்டிமோர் டெட்ராய்ட்டில் ஓர் ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தது என்று முதலில் சொன்னாள். வடக்கு பெஞ்சு எழுந்து நின்றது. இனி நியூயார்க் மில்வாக்கியில் தோற்றால், கிழக்குப் பிரிவு பால்டிமோருக்கு. இரண்டுக்கு இரண்டு என்று சமனாகி, ஆட்டம் நீண்டது.

எட்டு மணியை ஒட்டி அந்தச் செய்தி வந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. மூன்றுக்கு இரண்டு, நியூயார்க் தோற்றது. அங்கிருந்தவர்களில் அதைப் புரிந்துகொண்டவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை: மாற்றிச் சொல், பெண்ணே.

"நியூயார்க் தோத்துட்டு மாமா" என்றாள் ஜெசிந்தா. "மூணுக்கு ரெண்டு."

மிக்கேல் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார். "சனவரில பந்தல்" என்று யாரோ கத்தினார்கள்.

சவரிமுத்து எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "பந்தலுக்கு இப்பமே குழி தோண்டாத மச்சான். இது பாதிதான். மேற்குல ஓக்லண்ட் இருக்கான்."

"அவனயும் பாத்துருவோம் மாப்ள."

பஸ் நிலையம்வரை ஜெசிந்தா என்னுடன் நடந்து வந்தாள். வழியில் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பொய் சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதையான திகைப்பு இருந்தது.

"மிஸ், அப்பா தண்ணிக்குள்ள போகும்போது இடுப்புக் கயித்த மேல பிடிச்சிருக்கது யாரு? மாமாதான். எங்க பக்கம் மச்சான் கையிலதான் கயித்தக் குடுப்பாங்க. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டாம்லா. அந்தக் கயித்துக்கு நடுவுல நான் பொய் சொல்லட்டா? கப்பல்காரங்க வந்து உண்மையச் சொன்னா?"

"அப்படியானால் உன் அப்பா உன்னைப் பந்தயத்தில் வைக்கலாமா?"

"மாமா வந்து பொண்ணு கேட்டாங்க. கேக்கது அவங்க உரிமை. அப்பாவுக்கு நான் படிக்கணும். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொன்னாலும் மாமா கயித்த விட்ருவாங்களா? பிடிப்பாங்க. ஆனா மனசுல ஒண்ணு கெடக்கும். மேல இருக்கவங்க மனசுல ஒண்ணு கெடந்தா, கீழ போறவங்களால போக முடியுமா மிஸ்? அதான் அப்பா பந்தயம்னுட்டாங்க. தோத்தா யாருக்கும் கோவமில்ல."

முந்தின நாள் அவள் அப்பாவைப் பற்றி அறையில் படுத்துக்கொண்டு நினைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. பந்தயம் பந்தயம்தான், அதில் கட்டப்பட்டிருப்பது அவள்தான்.

"சேவியரை உனக்குப் பிடிக்கவில்லையா?"

"சேவியர் அத்தான் நல்லவங்கதான். கெமிஸ்ட்ரிதான் இன்னும் முடியல" என்று சிரித்தாள். "ஓக்லண்ட் ஜெயிச்சா இந்த வருசம் தப்பிச்சேன். அடுத்த வருசம் மாமா திரும்பப் பந்தயத்துக்கு வருவாங்க. டிகிரி வாங்குததுக்குள்ள பால்டிமோர் மூணு தடவ தோக்கணும் மிஸ்."

"நீ எந்தக் கட்சி?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பால்டிமோர்தான். அந்த மூணாம் மூலைக்காரன் மாதிரி யாரும் பிடிக்க முடியாது. அப்பாட்ட சொல்லிராதீங்க."

இந்தப் பயணத்தில் என்னை உலுக்கியவை பல. கடைசியாக உலுக்கியது அதுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சங்கு குளிப்பதைப் பார்க்க நவம்பருக்குப் பிறகு போங்கள். புத்தகங்களை நம்பாமல் ஊர்க்காரர்களிடம் முதலில் விசாரியுங்கள். புதிய துறைமுகத்தைப் பார்க்க அனுமதி வேண்டும்; விடுமுறை நாளில் கிடைக்காது, எனக்குக் கிடைக்கவில்லை. இந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கினால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போட்டால் மதுரையில் தூள்தான் மிஞ்சும். திரேஸ்புரத்தில் டீ நன்றாக இருக்கும். எந்த பெஞ்சில் உட்காருகிறோம் என்பதைப் பார்த்து உட்கார வேண்டும்.

என் வீட்டில் செய்தி கேட்பதற்கு மட்டும் ஒரு சிற்றலை வானொலி இருக்கிறது. அடுத்த வாரம் அதை ஒவ்வொரு காலையும் திருகினேன். முதல் ஆட்டம் பால்டிமோர். இரண்டாவது ஓக்லண்ட். மூன்றாவதும் ஓக்லண்ட். வியாழக்கிழமை காலை, இரைச்சலுக்கு நடுவில், இரண்டுக்கு ஒன்று என்று கேட்டது. ஓக்லண்ட். கொடி மேற்கே போய்விட்டது.

நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பேச்சியம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சும்மா என்றாள்.

"ஒரு கல்யாணம் நின்றுபோய்விட்டது" என்றேன்.

"அடப் பாவமே" என்றாள் அவள். சிரித்துக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தோடு திரும்பிப் போனாள்.

அடுத்த செப்டம்பர் கடைசியிலும் தூத்துக்குடி போகிறேன். சங்கு பார்க்க அது சரியான பருவம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் பால்டிமோர் இன்னும் இரண்டு தடவை தோற்க வேண்டியிருக்கிறது.