ஏலக்காய்ப் பேச்சுக்குத் தடை

போன மாதம் இஸ்தான்புல் போயிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பழனிசெட்டிபட்டி வீட்டில் நாங்கள் இருவர்தான். சாப்பிட எதிரெதிரே உட்கார்ந்தால் ரசம் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். இனி இவரோடு பேச எனக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாகவே என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் காற்று பட்டால் சரியாகும் என்று டிக்கெட் போட்டேன்.

ஒரே ஒரு கண்டிஷன். அவர் போடியில் ஏலக்காய் வியாபாரி. ஊர் திரும்பும்வரை ஏலக்காய் என்ற பேச்சே வரக்கூடாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, போனில் வியாபார குரூப்புகளை எல்லாம் மியூட்டில் போட்டார்.

என்ன ஊர் அது! நகரத்துக்கு நடுவே கடல் புகுந்து போகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பால் நிறத்தில் பனி. அதற்குள்ளிருந்து மசூதிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். டிராம் மணி, தெருவோரம் சோளக்கதிர் சுடும் வாசம், தலைக்கு மேல் கடற்பறவைகள்... தூக்கத்தில் நடப்பவள் மாதிரித்தான் திரிந்தேன்.

அவர்? "பாருங்களேன்" என்றால் பார்ப்பார். "நல்லாருக்கு" என்பார். அவ்வளவுதான். ஏலக்காயை எடுத்துவிட்டால் எங்களுக்குள் வேறு ஒன்றுமே இல்லையா? ஓட்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஒருநாள் அழுதேன்.

கடைசி நாள் மசாலாச் சந்தைக்குள் நுழைந்தோம். வளைந்த கூரை, மஞ்சள் விளக்குகள், கூம்பு கூம்பாகக் குவித்த மிளகாய்த்தூள். நான் காய்ந்த ரோஜா மொட்டுகளில் மூக்கை வைத்துக் கிறங்கி நின்றேன்.

அந்தக் கடையில் ஒரு கூடை நிறைய ஏலக்காயும் இருந்தது. அவர் பார்க்காததுபோலத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். ஒரு கை அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றை உடைத்து முகர்ந்தார். பிறகு கையிலிருந்த அத்தனையையும் தரையில் வீசினார்.

கடைக்காரர் திகைத்துப்போனார். நானும்தான்.

போடிப் பக்கத்து வாசகர்களுக்கு இது புரியும். ஏலம் நடக்கும் ஹாலில் சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்ப்பார்கள், அப்படியே கீழே போட்டுவிடுவார்கள். அடுத்த சாம்பிள் வரும். கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் ஏலக்காய், அதன் மேல்தான் நடப்பார்கள். இவருக்கு அது பல வருடப் பழக்கம்.

"அவுக என்ன நினைச்சிருப்பாக... காயைப் பாத்ததும் கை தன்னால வீசிருச்சு" என்றார், முகம் வெளுத்து. அப்படியே குத்தவைத்துப் பொறுக்க ஆரம்பித்தார். வீட்டில் கீழே விழுந்த துண்டைக்கூடக் குனிந்து எடுக்காத மனிதர்!

கடைக்காரரும் பக்கத்தில் வந்து குனிந்தார். இருவருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தால்கூட ஒரு முழு வாக்கியம் தேறாது. இவர் கையை மலையாக உயர்த்தினார், விரல்களால் மழை பெய்ய வைத்தார், தன் நெஞ்சைத் தொட்டு "மை பிசினஸ்" என்றார். கடைக்காரர் சிரித்து, குட்டி கிளாஸ்களில் டீ வரவழைத்தார். அந்த ஊரில் முதல்முறையாக இவர் முகத்தில் உயிரைப் பார்த்தேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கடலில் படகுச் சவாரி. வானம் மாதுளை நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மறுபடியும் வாயை மூடிக்கொண்டார். கொடுத்த வாக்கு! ஆனால் உதடு துடிப்பது தெரிந்தது.

என்னால்தான் தாங்க முடியவில்லை. "அது நம்ம மலைக் காயா?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தார். "பேசலாமா?"

"பேசுங்க."

"நம்ம காய் இல்ல, குவாத்தமாலாக் காயி. கல்யாணம் ஆன புதுசுல ஒன்னயக் கூட்டிக்கிட்டு மேல தோட்டத்துக்குப் போனேன்ல... ஸ்டோருக்குள்ள காய் காஞ்சுக்கிட்டிருந்துச்சு. எறங்கி வரும்போது ஒன் சேலையெல்லாம் அந்த வாசந்தான். எங்கன காயை உடைச்சாலும் அதத்தான் தேடுறேன்."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் நிறுத்தவில்லை. படகு கரைக்கு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

இஸ்தான்புல்லில் சூரிய அஸ்தமனம் எப்படி இருந்தது என்று மகள் போனில் கேட்டாள். எனக்கென்ன தெரியும்... நான் ஏலக்காய்க் கதை கேட்டுக்கொண்டிருந்தேன்!