வடக்கு வாசலும் எண்ணெய்க்காரியும்

எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில், லேத்தில் கடைசல் முடிந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்த்து அனுப்பும் வேலை. பதினாலு வருடமாக எங்கே தப்பு, எங்கே தப்பு என்று பார்த்த கண், வீட்டுக்கு வந்ததும் சாதுவாகிவிடாது. கீரைக்காரம்மா ஒரு கட்டு கூடுதலாகக் கொடுத்தால், நேற்றைய கீரையோ என்று பிரித்துப் பார்ப்பேன்.

என் கணவர் இதற்கு நேர் எதிர். திருநெல்வேலிக்காரர். தி. நகரில் அவருடைய சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். வருகிற பெண்களிடம் எல்லாம் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவதால், மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு தீர்ந்திருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. அதை நிறுத்தியபோது மற்ற பேச்சும் கூடவே நின்றுபோனது. சிலிண்டர் சொல்லியாச்சா, மோட்டார் போட்டாச்சா என்பதோடு சரி.

அந்த நிலையில்தான் என் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் வீடியோ கேம் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். இவர் ஒருநாள் பொழுதுபோகாமல் அதை டிவியில் மாட்டினார். ஏதோ ஒரு பழைய ராஜ்ஜியம், காணாமல் போன ராணி, அவளைத் தேடிப் போகும் ஒரு வீரன். திரையில் ஓடும் ஆங்கிலத்தை இவருக்கு வேகமாகப் படிக்க வராது என்பதால், நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். சமையலை முடித்துவிட்டு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது வரை ஓடும். பிறகு அவர் கடைக்கு, நான் பட்டறைக்கு.

விளையாட்டை ஒரு மாதத்தில் முடித்துவிட்டோம். ராணி இறந்துவிட்டதாகச் சொல்லி முடிந்தது. நான் நம்பவில்லை. அரண்மனையின் வடக்குப் பக்கம் ஒரு பெரிய கல் வாசல் இருக்கிறது. கடைசி வரை அது திறக்கவே இல்லை. எந்தச் சாவியும் சேரவில்லை. திறக்காத வாசலை எவனாவது மெனக்கெட்டுச் செதுக்குவானா? இன்னொரு முடிவு ஒளிந்திருக்கிறது என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். இணையத்தில் தேடக் கூடாது என்று, கற்பூரத்துக்குப் பதிலாகச் செல்போன் டார்ச்சை உள்ளங்கையால் மூடிச் சத்தியம் செய்தோம்.

என் சந்தேகம் முழுவதும் அந்த வாசலுக்கு எதிரே விளக்குக்கு எண்ணெய் விற்கும் கிழவி மேல்தான். ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எண்ணெய் விற்கிறவள், தன் விளக்கை மட்டும் ஏற்றுவதில்லை. விரலில் மோதிரம் கழற்றிய வெளுப்பு வேறு. இவள்தான் ராணி என்றேன். வாசலைத் திறக்கச் சாவி தேடுவதே தப்பு, அவள் பக்கத்தில் போய் அந்த ஊர்க் கணக்கில் ஒரு பகல் முழுக்கச் சும்மா நிற்க வேண்டும் என்றேன். ராயப்பேட்டையில் பிறந்தவள் நான். வைகுண்ட ஏகாதசிக்குத் திருவல்லிக்கேணிக் கோயிலில் வரிசையில் நின்று வளர்ந்தவள். சொர்க்கவாசலுக்கு யாரும் சாவி கொண்டு போவதில்லை. நிற்கிறவர்களுக்குத் திறக்கும்.

அவர் கேட்கவில்லை. காசு போட்டு விளையாட்டுச் செய்கிறவன் சும்மா நிற்கச் சொல்வானா என்றார். அவருடைய யூகம் வேறு. மணிக்கூண்டுக் காவலன் பொய் சொல்கிறான், ரகசியம் அங்கேதான் என்பார். நான் எதிர்ப்பேன், அவர் எதிர்ப்பார். கடை டைரியில் படம் போட்டுக் காட்டுவார். பேசாத மனிதர் காலையில் ஒரு மணி நேரம் என்னோடு வாய் ஓயாமல் சண்டை போட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் விடிந்ததும் எழுந்துகொண்டிருந்தேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஏதோ மாறியது. எண்ணெய்க்காரி பேச்சை எடுத்தாலே அவசர அவசரமாக மணிக்கூண்டுக்கு இழுத்தார். அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அந்த நாளை வரவே இல்லை. ஒருநாள் வீரனை நடத்திக்கொண்டு போகும்போது, என்னோடு பேசியபடியே, வரைபடத்தைப் பார்க்காமல், வடக்கு வாசலுக்குப் போகும் சந்தில் சட்டென்று திரும்பிவிட்டார். அந்தச் சந்துக்கு நாங்கள் இரண்டு முறைகூடப் போனதில்லை; வாசலுக்கு எப்போதும் பெரிய தெரு வழியாகத்தான் போவோம். தப்பாத் திருப்பிட்டேன் என்று உடனே பின்வாங்கினார். பழகின கைக்கும் தவறிப்போன கைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கா தெரியாது?

அறுபத்து மூவர் திருவிழா அன்று மாட வீதி முழுக்க அடைத்திருந்ததால் இருவரும் லீவு போட்டிருந்தோம். அவர் குளிக்கப் போனதும் பெட்டியை நானே போட்டேன். எப்போதும் அவர்தான் போடுவார், நேராக எங்கள் ஆட்டம் வந்துவிடும். அன்றைக்குத்தான், சேமித்த ஆட்டங்களின் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரிசையில் எங்களுடையது. அதற்குக் கீழே இன்னொன்று, எங்களுடையதில் இல்லாத கிரீடம் போட்டு, முழுவதும் முடிந்தது என்ற குறியோடு. தேதி, பொங்கலுக்கு மறுநாள். நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாள்.

எனக்கு உடம்பு எரிந்தது. சத்தியத்தை மீறி இணையத்தில் பார்த்துவிட்டார் என்பது முதல் சந்தேகம். அதைவிட மோசமானது இரண்டாவது. இவருக்கு ஆங்கிலம் படித்துச் சொன்னது யார்? எங்கள் சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்தது யார்? துண்டோடு வெளியே வந்தவர், டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது இன்னாது? யாரு கூட முடிச்சீங்க?" என்றேன்.

யாரும் இல்லை என்றார். இணையமும் இல்லை. அன்றைக்கு நான் இல்லாத வீட்டில் உட்கார முடியாமல், சரி, இவள் சொன்னதைத்தான் செய்து பார்ப்போமே என்று எண்ணெய்க்காரி பக்கத்தில் போய் நின்றாராம். கையில் எதையும் தொடாமல் முக்கால் மணி நேரம், அந்த ஊருக்கு அது ஒரு முழுப் பகல். வாசல் திறந்துவிட்டதாம்.

அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. நான் சொன்னது சரி. அது சரியென்று தெரிந்துகொண்டே, இரண்டரை மாதமாக மணிக்கூண்டு, காவலன் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். நானும் முட்டாளாகத் தினமும் வாதாடியிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"முடிஞ்சிட்டுன்னு சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவ," என்றார் கடைசியில். "பொறவு எங்கூட என்ன பேசுவ?"

இத்தனை வருடத்தில் இந்த மனிதர் மேல் எத்தனையோ சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னோடு பேச ஆசைப்படுகிறார் என்று ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த முடிவைப் போடச் சொன்னேன். போட்டார். வாசல் திறக்கிறது, கிழவி கூடையை வைத்துவிட்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறாள், வாசல் மூடுகிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, இனி என்ன என்பது மாதிரி தரையைப் பார்த்தார்.

"இது கடைசி முடிவு இல்லீங்க," என்றேன். "வாசல் மூடும்போது தரையில ரெண்டு நிழல் கீது, பாத்தீங்களா? அவ கூட யாரோ உள்ள போறாங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். நிஜமாத்தான் சொல்லுதியா என்று கேட்டார். முதலில் இருந்து போடுங்கள் என்று சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இரண்டாவது நிழலைத் தேடித்தான் இப்போது காலைகள் போகின்றன. அதை நான் பார்த்தேனா இல்லையா என்று அவர் அவ்வப்போது என் முகத்தை ஆராய்கிறார். நான் இன்றுவரை சொல்லவில்லை.