மகள் தந்த ஒற்றை இயர்போன்

இன்று லண்டனில் ஈஸ்ட் ஹாம் போகிற பஸ்ஸில் என் பதினாறு வயது மகள் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். மகாராணி கையால் பட்டம் வாங்கின மாதிரி நிமிர்ந்து இருந்தேன்.

“இந்த ஆல்பத்தைக் கேட்டாத்தான் அப்பா எனக்கு இப்ப நித்திரை வருது,” என்றாள்.

பாடுகிற பெடியன் புதுசு. ஆனால் அந்த பேஸ் கிட்டார்! இங்கே வர முதல் ஜெர்மனியில் எங்கட கலியாண வீட்டு பாண்டில் வாசித்த காலத்தில், கசெட் தேயத் தேய நான் கேட்ட பழைய ஃபங்க் இசைக் குழுக்களின் அதே நடை.

விடுவேனா?

“பிள்ளை, இது எழுபதுகளின் ஃபங்க். முதல் அடியை அழுத்திப்போட்டு மிச்சத்தில இடைவெளி விடுவாங்கள். இவன் ஒவ்வொரு ஆல்பத்திலயும் அவங்களைத்தான் படிச்சிருக்கிறான்,” என்று தொடையில் தாளம் போட்டு விளக்கினேன். முன் சீட்டு அன்ரி திரும்பி முறைத்தா.

இறங்கப் போகும்போதுதான் மகள் முதலில் சொன்னது உறைத்தது.

“ஏனம்மா நித்திரை வாறேல்லை?”

“ஒண்டுமில்லையப்பா.” இயர்போனை வாங்கிப் பையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. சாப்பிடவும் வரவில்லை.

பிள்ளை வளர்த்த ஆக்கள் சொல்லுங்கோ, கதவைத் தட்டட்டோ? பேஸ் கிட்டாரைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க மாட்டன், சத்தியம்.