பன்சலையில் எடுத்த பூ

மற்றவர்கள் கும்பிடும் இடத்துக்குப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்திருப்பேன். கண்டியில் பிறந்தவள் நான். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் பௌத்தப் பன்சலையில் ஓதும் பிரித்தும் கேட்டுத்தான் தினமும் விடியும். இங்கே ஓர் அரச அலுவலகத்தில் கிளார்க்காக இருபது வருடம் தள்ளியிருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிற ஆள். அந்தக் குணத்தை வெளியேயும் கொண்டு திரிந்தேன்.

புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைப் பக்கம் போனால் என் வாய் சும்மா இருக்காது. அரைக்காற்சட்டையோடு வரும் வெள்ளைக்காரரைப் பார்த்து முகம் சுளிப்பேன். ஒரு தடவை புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்பி எடுத்த ஒரு பெண்ணை, ஊர் பேர் தெரியாதவளை, தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டேன். அவள் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அன்று முழுக்கப் பெருமையில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவள் ஒரு சிங்களப் பெண். என்னைவிட ஆறு வயது இளையவள். நான் அவளைச் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். அரச ஊழியர்கள் மற்ற மொழியில் பரீட்சை எழுத வேண்டும் என்று வந்தபோது, அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்குக் கூலியாக அவளுடைய அம்மா எனக்கும் சேர்த்து மதியச் சோறு கட்டி அனுப்பத் தொடங்கினார். பரீட்சை முடிந்து அவள் பாஸாகியும் சோறு நிற்கவில்லை. பிஞ்சுப் பலாக்காய்க் கறி வைக்கும் நாளில் எனக்கென்று தனியாக இன்னொரு சிறிய பெட்டியும் வரும். அந்த அம்மாவை நான் நேரில் பார்த்தது மூன்று தடவைதான். ஆனால் ஒன்பது வருடம் அவர் கைச் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

அவர் இறந்து மூன்றாவது மாதம், குண்டசாலையில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பன்சலையில் அவர் பெயரில் பிக்குமாருக்குத் தானமும் பூசையும் வைத்தார்கள். நங்கி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க கட்டாயம் வரணும். அம்மா இருந்தா உங்களத்தான் முதல்ல தேடுவாங்க."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "எங்க பெரியக்காவுக்கு அவ்வளவு விருப்பம் இல்ல. வெளியாளுங்க வந்தா ஏதாவது பிழை செய்வாங்கன்னு சொல்றாங்க. நான் சொல்லிட்டேன், அவங்களுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும்னு."

நான் சிரித்தேன். பெரியக்காவுக்கு ஒரு பாடம் காட்டிவிட்டு வருவது என்று மனதுக்குள் முடிவும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைச் சேலை, கை மூடிய ரவிக்கை. பொட்டைச் சின்னதாக்கினேன். தலையில் பூ வைக்காமல் கொண்டை மட்டும் போட்டேன். பன்சலை வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக ஒழுங்காக வைத்தேன். பூத்தட்டு கைக்குக் கை வந்தபோது, மற்றவர்கள் செய்தது போலவே தொட்டு அடுத்தவருக்கு நகர்த்தினேன். அந்தத் தட்டை எல்லாரும் தொடுவார்கள், அந்தப் புண்ணியம் எல்லாருக்கும் சேர்ந்து, கடைசியில் இறந்தவருக்குப் போகும். பாயில் கால் நீட்டாமல், ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்தேன். பெரியக்கா இரண்டு மூன்று தடவை என் பக்கம் திரும்பினாள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

பன்சலைப் பிக்கு, ஹாமதுரு, ஓதி முடித்தார். எல்லாரும் எழுந்து புத்தருக்கு முன்னால் குனிந்து கும்பிட்டுப் பின்வாங்கினார்கள். நான் கடைசி ஆள். பூ மேடையில் வெள்ளைப் பிச்சிப்பூக்கள் உதிரியாகக் கிடந்தன. நான் குனிந்தேன், கும்பிட்டேன், அம்மாவை நினைத்தேன், கண் கலங்கியது. அந்த நேரத்தில் என் கை தானாகப் போனது. ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

கோயிலில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். சாமிக்குக் கொடுத்ததில் ஒரு துளி நம் கைக்குத் திரும்பி வந்தால்தான் பூசை முடிந்த மாதிரி. ஐயர் ஒரு பூவும் தராமல் போய்விட்டால் மனசு ஆறாது, சாமிக்கு நம்மேல் ஏதோ கோபம் என்றுகூடத் தோன்றும். நாற்பது வருடம் பழகிய கை. பன்சலையில் கொடுத்தது கொடுத்ததுதான், அதில் ஒரு இதழைக்கூட யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது என் மூளைக்கு மட்டும்.

திரும்பினால் அத்தனை பேரும் என் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அது அம்மாவுக்காக வச்சது," என்று பெரியக்கா சிங்களத்தில் சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

பதறிப்போய்ப் பூவை உருவினேன். மேடையில் திரும்ப வைக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திவிட்டேன். தலையில் வைத்து எடுத்த பூவை எந்தச் சாமிக்கு வைப்பது? கீழே போடவும் முடியாது. ஒரு பூவை வைக்க அந்த மண்டபத்தில் எனக்கு இடமில்லை. அவ்வளவு வெட்கப்பட்டது என் வாழ்நாளில் அன்றுதான். ஹாமதுரு, "தெரியாமல் செய்தது, விடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பூவைக் கைக்குள் பொத்திக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.

மறுநாள் நங்கி அலுவலகத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள், முகம் வீங்கியிருந்தது. நான் கிளம்பிய பிறகு பன்சலை முற்றத்திலேயே அக்காவும் தங்கையும் சண்டை போட்டிருக்கிறார்கள். "அம்மாட தானத்தக் கெடுக்கத்தான் ஆள் கூட்டிட்டு வந்தியா?" என்று பெரியக்கா கேட்டிருக்கிறாள். நங்கியும் வாயை விட்டிருக்கிறாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"நான் எடுத்தா பெரியக்கா போன எடுக்கிறதே இல்ல," என்றாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தாய் இல்லாத இரண்டு பெண்கள், ஆளுக்கு ஆள் அவர்கள் மட்டும்தான். இப்படியே மூன்று கிழமை போயும் ஒருத்தி குரலை ஒருத்தி கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் கிளார்க் அல்லவா, உட்கார்ந்து பெரியக்காவுக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் வழக்கம் என்ன, பூவுக்கு எங்களிடம் என்ன மதிப்பு, நான் எடுத்தது அவமதிப்பு அல்ல, பக்திதான் என்று நல்ல சிங்களத்தில் இரண்டு பக்கம். கொடுக்குமுன், அலவத்துகொடையிலிருந்து வருகிற முஸ்லிம் பிள்ளை ஒருத்தி எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தாள், அவளிடம் நடந்ததைச் சொல்லிக் காட்டினேன். அவள் சிங்களம் பிழையில்லாமல் எழுதுவாள்.

அவள் எழுத்துப்பிழை ஒன்றையும் காட்டவில்லை. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "அக்கா, இதுல முழுக்க உங்கட கோயில்தான் ஈக்கிது. அந்த மனுசிட உம்மா ஒரு எடத்துலயும் இல்லியே," என்றாள். "இதக் கொண்டு போக வாணாம். நேர்ல போய்ப் பிழைன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை குண்டசாலை பஸ்ஸில் ஏறினேன்.

பெரியக்கா கதவைத் திறந்தாள். உள்ளே விட்டு ஒரு கதிரையைக் காட்டினாள்.

"நான் செஞ்சது பிழை அக்கே. மன்னிச்சுக்கங்க," என்றேன். அதற்கு மேல் சொல்ல ஆயிரம் இருந்தது, நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். நான் பாதி குடித்த பிறகு, "ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டாள். அவள் பேசியது சிங்களத்தில், நானும் அப்படியே பேசினேன்.

கடிதத்தில் எழுதிய எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. "அம்மா எனக்குக் குடுத்த மாதிரி இருந்திச்சு," என்றேன். "எத்தனையோ நாள் சோறு குடுத்தாங்களே. அன்னைக்கும் ஏதோ குடுக்கிறாங்கன்னு கை போயிருச்சு." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அது வரைக்கும் அதுதான் காரணம் என்று எனக்கே தெரியாது.

பெரியக்கா அழவில்லை. தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தாள்.

"அன்னைக்கு ஹாமதுரு என்ன ஓதினார்னு எனக்குத் தெரியாது," என்றாள். "பூத்தட்டு என் கைக்கு வந்ததுகூட ஞாபகமில்ல. நீங்க எப்ப பிழை செய்வீங்க, நங்கிக்கிட்ட எப்ப சொல்லிக்காட்டலாம்னு உங்களயே பாத்திட்டு இருந்தேன். அம்மாட தானத்தில நான் ஒரு தடவகூட அம்மாவ நினைக்கல."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேசையிலிருந்த போனை எடுத்து நம்பரை அழுத்தினாள். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் நங்கி எடுத்துவிட்டாள். பெரியக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியதும் நான் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்து, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.