நிலா வராத மாலையும் சவரிமுத்துவும்

திருவொற்றியூர் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வந்து நின்றவர் ஊர் எதுவும் கேட்கவில்லை. சவரிமுத்துவின் தம்பி அவர். "அண்ணன் காலைல பூட்டாருங்க" என்றார். அவருக்குப் பின்னால் மீஞ்சூர் வண்டிக்கு வரிசை நின்றது. அத்தனை பேருக்கும் டிக்கெட் கொடுத்தேன். சில்லறையைச் சரியாகக் கொடுத்தேனா என்று இப்போதும் தெரியவில்லை.

நம் வானியல் கழகத்தாருக்குச் சவரிமுத்துவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவார், சாயங்காலம் நம் கழகத்தை ஓட்டுவார். வானச் செய்திகளைக் கரும்பலகையில் எழுதி ராயபுரத்தில் அண்ணாச்சியின் அரிசி மண்டி வாசலில் மாட்டுவார். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

அறுபத்தைந்தில் அமெரிக்கர்கள் நிலவில் மோதவிட ஒரு கலத்தை அனுப்பினார்கள். மோதும்வரை அது படம் எடுத்து அனுப்பும் என்று செய்தி. அயல்நாட்டு நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, "மாலை மண்டி மாடிக்கு வாருங்கள், நிலவை அந்த நேரத்திலேயே பார்க்கலாம்" என்று பலகையில் எழுதிவிட்டார். அண்ணாச்சிக்கு ஒரே பெருமை. சம்பந்தி வீட்டாரையும் அழைத்தார். ஆனால் எங்களிடம் கறாராகச் சொன்னார்: ஒழுங்காகக் காட்டினால் மாடி உங்களுக்கு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து அங்கே மிளகாய் காயும். தொழிற்சாலை விளக்குகளுக்கு நடுவே எங்களுக்கு வேறு இடமே கிடையாது.

தெருவே மாடியேறிவிட்டது. வானத்தில் எல்லாம் இருந்தது, நிலாவைத் தவிர. அது தேய்பிறைக் காலம். சவரிமுத்து மணியைச் சரியாக மாற்றியிருந்தார். அந்த மணிக்கு நிலா உதித்திருக்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. வானியல் கழகம் நிலாவையே மறந்துபோனது. சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேகம் மறைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என நான் சவரிமுத்துவின் காதைக் கடித்தேன்.

"மேகம் இன்னா பாவம் பண்ணுச்சு நைனா? இன்னிக்குப் பொய் சொன்னா, நாளைக்கு நெசத்தக் காட்டும்போது எவன் நம்புவான்?" என்றவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நிலா வர பாதி ராத்திரி ஆவும். கணக்கு போட்டவன் நானு, தப்பு என்னுது. ஒரு நிலா பாக்க வந்தீங்க. மேக்கால நாலு நிலா கீது. வாங்க."

தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். முதலில் சிரித்தார்கள். யாரோ ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார். அதன்பிறகு நெரிசல்தான். கடைசியாகச் சம்பந்தியம்மாள் வந்தார், வந்தவர் நகரவேயில்லை.

"நெசமாத்தான் நாலும் அதைச் சுத்துதாவே?" என்று அண்ணாச்சி கேட்டார். நாளைக்கு வந்து பாருங்கள், இடம் மாறியிருக்கும் என்றார் சவரிமுத்து. மறுநாள் சாயங்காலம் எங்களுக்கு முன்பே அண்ணாச்சி மாடியில் நின்றார். கலம் நிலவில் மோதியதையும் படங்கள் வந்து சேர்ந்ததையும் அவரே பேப்பரிலிருந்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். மாடிச் சாவியையும் அன்றே கொடுத்தார்.

சவரிமுத்து இல்லாமல் மாடிப்படி ஏற மனம் வரவில்லை. ஆனாலும் ஏறத்தான் போகிறேன். ஊரே பார்க்க "தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "வாங்க" என்றும் ஒரு மனிதரால் அழைக்க முடிந்தது. அந்த "வாங்க"வை நான் வைத்துக்கொள்கிறேன்.