செவலையைத் தேடிய எலும்பு வண்டி

எலும்பு பொறுக்குற தொழில்ல ஒரே ஒரு சௌகரியம் உண்டு: போட்டிக்கு ஆள் வரமாட்டான். எலும்பை இடிச்சு உரமாக்குற ஈப்போ மில் ஒன்றுக்காக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் தள்ளுவண்டியோட சுத்தாத ரப்பர் தோட்டம் கிடையாது. வெயில் ஏறினால் மூட்டை எப்படி நாறும் என்று, பால் வாளி வாடையோடயே சோத்துல கை வெச்ச உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் வீட்டு மூட்டை

மூட்டையை அவிழ்த்தால் போதும், எந்த வாசலில் வாங்கியது என்று சொல்லிவிடுவேன். துரை பங்களா எலும்பு தடியாக, ரம்பத்தில் அறுத்து, பாதிக் கறியோட வரும். ஈயம் தோண்டுற லம்பத்துச் சீனர்கள் கூட்டாகத் தங்குற கொங்சி வீட்டிலிருந்து வருவது பன்றி எலும்பு. சூப்பு வைத்து வைத்து வெள்ளை வெளேரென்று ஆகியிருக்கும். தோட்டத்து லயத்தில் மாரியம்மன் திருவிழா முடிந்தால்தான் ஆட்டுத்தலை கிடைக்கும். அதுவும் அத்தனையும் இளங்கிடா. பெட்டையை எவனும் வெட்டமாட்டான். குட்டி போடணும், பிள்ளைக்குப் பால் வேணும்.

மற்ற நாளில் லயத்துப் பக்கம் போவது வீண் நடைதான். ஆனாலும் போவேன். ஒருநாள் பால்மரம் வெட்டுற பாக்கியம் என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டு எலும்பைப் பாத்து நாயே கோவிச்சுக்கிட்டுப் போவுது, உமக்கு என்னய்யா மிச்சம் இருக்கப் போவுது?"

கொம்பு உடைஞ்ச தலை

செமோர் பக்கம் ஒரு தோட்டத்தில் மாரிமுத்து வண்டிக்காரன். தோட்டத்து மாடுகள் ரெண்டை அவன்தான் ஓட்டுவான். ஒரு காலையில் தொழுவத்தில் கயிறு அறுந்து கிடக்கிறது, செவலைக் காளையைக் காணோம். புலி கொண்டுபோய்விட்டது என்றான் மாரிமுத்து. கசாப்புக்கு வித்துட்டான் என்றார் கங்காணி. நாலு நாள் இந்த வாய்ச்சண்டை.

அஞ்சாம் நாள் நான் ஈப்போ பாசாரில் கசாப்புக்கடை பாயிடம் மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்தில் வண்டி குலுங்கி ஒரு மாட்டுத்தலை உருண்டு விழுந்தது. இடது கொம்பு நுனி உடைஞ்சிருந்தது. செவலைக்கும் இடது கொம்புதான் உடைசல். ஆள் கூட்டம் மொத்தமும் நிற்கையில் என் பாழாய்ப்போன நாக்கு சும்மா இருந்ததா? "அட, நம்ம செவலை மாதிரி இருக்கே!" என்றேன். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள மாரிமுத்து லயத்தைக் காலி பண்ணணும், இல்லாட்டி போலீசு என்று கங்காணி உத்தரவு போட்டார். மாட்டை வித்துத் தின்ன குடும்பம் என்று தண்ணிக் குழாயில் மாரிமுத்து பெண்சாதி அஞ்சலையின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவள் நேராக என் வண்டிக்கு வந்தாள். அழவில்லை. "ஏண்ணே, மூட்டையைத்தானே நீங்க அவுக்கணும், வாயை எதுக்கு அவுத்தீங்க?"

ஆறு பல்

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் என் கொட்டகையில் அந்தத் தலையைத் திரும்ப எடுத்துத் தாடையைப் பிளந்து பார்த்தேன். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. கீழேதான், ரெண்டு ரெண்டாகப் பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும்; எட்டு வந்தால் பல் நிரம்பியது என்று கணக்கு. இந்தத் தலையில் ஆறுதான். கன்னுக்குட்டிப் பருவம் தாண்டி ரொம்ப நாள் ஆகாத மாடு. செவலையோ பத்து வருசமாக வண்டி இழுத்த கிழடு. கொம்பைப் பார்த்த நான் பல்லைப் பார்க்கவில்லை. இத்தனை காலம் இந்தத் தொழில் செய்து இப்படி ஒரு தப்பு.

தாடையைத் துணியில் சுற்றிக்கொண்டு செமோருக்கு ஓடினேன். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி, இது செவலை இல்ல. அப்போ செவலை எங்கலா? புலி எலும்பையும் சேத்தா முழுங்கும்? போய்க் கொண்டாருமேன் பாப்போம்!"

அட்டைக் காடு

வியாழக்கிழமை தொடங்கி நானும் மாரிமுத்தும் தோட்டத்து எல்லைக்கு அப்பால் பெலுக்கார்ப் புதர்க்காட்டில் நுழைந்தோம். புதர் என்றால் சாதாரணப் புதர் இல்லை. அட்டை காதுக்குள் ஏறும். காட்டுப்பன்றியும் உடும்பும் எலும்பை மூலைக்கு ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தன. வெள்ளி முழுக்கத் தேடிக் கிடைத்தது ஒரு விலாவெலும்பு. அது மான்.

சனிக்கிழமை மத்தியானம் ஓடைக்கு அந்தப் பக்கம் தலை கிடந்தது. இடது கொம்பு உடைசல். கொஞ்சம் தள்ளி, குளம்பில் அடித்த லாடம். கழுத்தெலும்பில் விரல் நுழையும் அளவுக்குப் புலிப்பல் இறங்கின ரெண்டு ஓட்டை. கத்தி பட்டால் மூட்டுப் பக்கம் நேர்நேராக மெல்லிசாய்க் கோடு விழும். இதில் ஒரு கோடு இல்லை, எலும்பு முனையெல்லாம் கடித்துக் குதறியது. எனக்குப் போன உயிர் வந்தது. மாரிமுத்துவுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. தாடையை மடியில் வைத்து, ஈறோடு ஈறாகத் தேய்ந்துபோன பல்லைத் தடவிக்கொண்டிருந்தான். "இந்தப் பல்லை வெச்சுக்கிட்டா புல்லு மென்னே? எங்கிட்டச் சொல்லவே இல்லியேடா."

ஆபீசு மேசை

ஞாயிறு காலை எல்லாத்தையும் ஆபீசு மேசையில் பரப்பினேன். கணக்கு எழுதுற யாழ்ப்பாணத்துக் கிராணி என் பேச்சை இங்கிலீசில் திருப்பிச் சொன்னார். துரை குனிந்து கழுத்தெலும்பு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஆறு பல் தாடையையும் தேய்ந்த தாடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாரிமுத்து லயத்திலேயே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. கங்காணி கூரையைப் பார்த்தார். வாசலில் நின்ற அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

துரை முன்னங்கால் விரல் எலும்பைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டார். ஓரமெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது. "மேயுற மாட்டுக்கு இப்படி வராதுங்க. சுமை இழுத்து இழுத்து வந்தது. கடைசிக் காலத்துல ஒவ்வொரு அடிக்கும் வலிச்சிருக்கும்," என்றேன். கிராணி சொன்னார், துரை தலையாட்டிக் கேட்டார், பதில் சொன்னார். கிராணி எங்கள் பக்கம் திரும்பி, "பாரிட் புந்தாரிலிருந்து வேற மாடு எடுப்பிச்சுத் தாறாராம். லோடு மட்டும் குறையக் கூடாதாம்," என்றார்.

மாரிமுத்து மேசையிலிருந்த விரல் எலும்பை எடுத்தான். குனிந்து தன் வெறும் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, நான் செத்தா என் காலையும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

இத்தனை வருசம் எலும்பு பொறுக்கி நான் கண்டதெல்லாம், உசுரோட இருக்கிறவன் சொல்றதைவிடச் செத்த மாடு சொல்றதைத்தான் ஆபீசில் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பதுதான்.