நெகிஷி காலால் தட்டியதும் நான் ஸ்பனரால் தட்டியதும்

1. நடு பீம்

சிவம் அண்ணை றிங்குக்குக் கீழே ரோச் லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஊர்ந்து வெளியே வந்தார்.

"நடு பீம் வெடிச்சுப்போச்சுதடா பாலா. வெல்டிங் விட்டிட்டுது."

மல்யுத்த மேடையைத்தான் நாங்கள் றிங் என்போம். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அது ஏதோ மெத்தை போலத் தெரியும். ஒருமுறை ஏறிப் படுத்துப் பார்த்தால் தெரியும் சங்கதி. இரும்புப் பீம், அதன்மேல் பலகை, பலகைமேல் விரலளவு பஞ்சு, அதன்மேல் கன்வஸ் துணி. அவ்வளவுதான். நடு பீம்தான் எல்லாவற்றையும் தாங்குவது.

நான் அப்போது ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் இருந்தேன். கனடாவுக்கு வந்து கிடைத்த முதல் உருப்படியான வேலை, சிவம் அண்ணையின் லொறியில் றிங்கை ஏற்றி, இறக்கி, பூட்டி, கழற்றுவது. அன்று ஒரு பழைய ஐஸ் ஹொக்கி மண்டபத்தில் நிகழ்ச்சி. முன்பு மோதிய இரண்டு தடியர்கள் ஒன்றாக விழுந்ததில் பீம் போய்விட்டது. அடுத்ததாக ஏற வேண்டியவர் தைசோ நெகிஷி.

ஜப்பானிலிருந்து வந்த நெகிஷியைப் பார்க்கத்தான் மண்டபம் நிரம்பி வழிந்தது. எதிராளியைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கி, தானும் வில்லாக வளைந்து, தலைக்கு மேலால் பின்பக்கம் எறிவார். அதற்கு சுப்ளெக்ஸ் என்று பெயர். எறியும்போது அவருடைய பாரமும் எதிராளியின் பாரமும் அவருடைய கழுத்தில்தான் இறங்கும். அந்தக் கழுத்தில் ஏற்கனவே ஒரு சத்திரசிகிச்சை நடந்திருந்தது. பலகை உள்ளே போனால் மனிதர் எழும்பவே மாட்டார்.

நிகழ்ச்சியை நடத்திய வெள்ளைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். என்னுடைய வான் வண்டியில், ரயர் மாற்றும்போது வண்டியைத் தூக்கிற ஹைட்ரோலிக் ஜக் ஒன்று கிடந்தது ஞாபகம் வந்தது.

"அண்ணை, ஜக்கை நடுவில வைச்சுப் பீமைத் தூக்கலாம்."

"ஒவ்வொரு அடிக்கும் அது வழுக்குமடா. ஆராவது கீழ கிடந்து பிடிச்சுக்கொண்டிருக்க வேணும்."

"நான் கிடக்கிறன்."

"உனக்கென்ன விசரே?"

விசர்தான். ஆனால் வாயை விட்டாயிற்று.

2. பார்க்காத ஆட்டம்

நெகிஷியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அவர் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து வந்து, குனிந்து றிங்குக்குக் கீழே பார்த்தார். பிறகு ஜக்கைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அப்போது நான் ஈர்க்குப் போல இருப்பேன். அதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை வந்திருக்காது.

எங்கள் இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஆங்கிலம். அதைத் தமிழில் தருகிறேன்.

"ஆட்களைத் திருப்பி அனுப்ப ஏலாது. எறிய முதல் நான் காலால் ரெண்டு தட்டுத் தட்டுவன். எல்லாம் சரியெண்டால் நீர் கீழயிருந்து தட்டும். நீர் தட்டாமல் நான் எறியமாட்டன்."

"சரி அண்ணை" என்றேன், தமிழிலேயே. அவரும் என்னவோ விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

இன்றைக்கும் மல்யுத்த ரசிகர்கள் ரொறன்ரோவில் நடந்த ஆட்டங்களிலேயே சிறந்தது என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஹாமில்டனிலிருந்து வந்த ஒரு பென்னம்பெரிய மனிதரோடு நெகிஷி மோதிய ஆட்டம். அது தொடங்கி முடியும்வரை அங்கேயே இருந்தவன் நான். ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. தூசி கண்ணுக்குள் விழ, ஒரு கையால் ஜக்கையும் மறுகையால் ஸ்பனரையும் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன்.

தொம் தொம். நான் ஸ்பனரால் பலகையில் தட்டுவேன். அடுத்த நொடி மேலே இடி விழும். ஜக்கைத் திரும்ப நேராக்குவேன். பிறகு தொம் தொம். பயம் போய், ஒருமாதிரி வேலை பிடிபட்டுவிட்டது.

வினை வெளியிலிருந்து வந்தது. நெகிஷி காலால் தட்டுவதைப் பார்த்த சனம் தாங்களும் சேர்ந்து தட்டத் தொடங்கிவிட்டது. மண்டபம் முழுக்கத் தொம் தொம். எது நெகிஷியின் கால், எது ஊரார் கால் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜக் வழுக்கி விழுந்தது. பீம் என் மூக்குக்கு நேரே தொங்கியது.

நான் தட்டவில்லை. கத்தினேன், ஆருக்கும் கேட்கவில்லை. ஜக்கைத் தேடிப் பிடித்து நிமிர்த்தி, விடாமல் பம்ப் பண்ணினேன். மேலே சனத்தின் சத்தம் கூடிக்கொண்டே போனது. அந்த மனிதர் எறியாமல் இருக்க வேண்டுமே என்று நல்லூர் முருகனிலிருந்து ஒருவரையும் மிச்சம் விடாமல் கூப்பிட்டேன்.

பீம் ஏறியதும் ஸ்பனரால் ஓங்கித் தட்டினேன். இடி விழுந்தது. ஜக் அசையவில்லை. நடுவர் மூன்று எண்ணினார், மணி அடித்தது.

வெளியே வந்த பிறகுதான் சிவம் அண்ணை சொன்னார்.

"டேய், உந்தப் பென்னம்பெரிய மனுசனை அந்தரத்தில தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டவரடா! நீ தட்டுமட்டும் விடேல்லை!"

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

3. முன்வரிசைக் கதிரை

அதற்குப் பிறகு நெகிஷி எந்த நாட்டில் மோதினாலும் எறிய முதல் இரண்டு தட்டுத் தட்டுவார். சனமும் சேர்ந்து தட்டும். அது அவருடைய அடையாளமாகிவிட்டது. இணையத்தில் இதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே நடக்கிறது. பூமித்தாயை வணங்கும் பழைய ஜப்பானியச் சடங்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்துவிட்டு என் மனைவி கலாவுக்குக் காட்டினேன்.

"பூமித்தாய் நீங்கள்தானோ?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு அடங்கக் கனநேரம் எடுத்தது.

நெகிஷி விடைபெறும் பயணத்தில் ரொறன்ரோவுக்கும் வந்தார். ஸ்காபுறோவில் ஒரு மண்டபம். நான் அப்போது வேலையை விட்டு, பக்கத்திலேயே வோபர்னில் வீட்டோடு இருந்தேன். நெகிஷி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவருடைய தலை வெள்ளையாகியிருந்தது. கழுத்து மட்டும் அதே கழுத்து.

"இப்ப கீழ ஆர்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. புது இரும்பு. யானை விழுந்தாலும் தாங்கும்."

"ஒருத்தரும் இல்லாத றிங்கை நான் நம்பமாட்டன். நீர் முன்னால இரும்."

இப்படித்தான் வாழ்க்கையில் முதன்முறையாகக் கதிரையில் இருந்து நெகிஷியின் ஆட்டத்தைப் பார்த்தேன். பக்கத்தில் கலா. எவ்வளவு அழகாக நகர்கிறார் மனிதர்! அன்று கீழே கிடந்து நான் கேட்டதெல்லாம் இடிச்சத்தம். அதற்குமேல் இப்படி ஒரு நடனம் நடந்திருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

கடைசியில் எதிராளியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். தொம் தொம். மண்டபமே சேர்ந்து தட்டியது. தூக்கினார்.

எறியவில்லை.

தூக்கியபடியே நின்றார். வயதான கால்கள் நடுங்கின. சனம் எழும்பி நின்று கத்தியது. நானும் எழும்பி நின்று கத்தினேன். என்ன பிடி, என்ன பிடி!

கலா முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

"தட்டுங்கோவன்! பாவம், அந்த மனுசன் எவ்வளவு நேரமெண்டு தூக்கிக்கொண்டு நிக்கிறது!"

அப்போதுதான் பார்த்தேன். எதிராளியின் தோளுக்கு மேலால் நெகிஷி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாய்ந்து போய் றிங்கின் விளிம்பில் கைமுட்டியால் ஓங்கித் தட்டினேன். நெகிஷி வில்லாக வளைந்து எறிந்தார்.

றிங் பூட்டும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். மேலே நிற்பவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். வேடிக்கை பார்க்காமல் தட்டுங்கள்.